யூலின் வந்து இறங்கிய காலை

விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டு நெடுநேரமாகிவிட்டது. அதில் வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்றே கனகவல்லிக்குத் தோன்றியது. வெயிலில் மூக்குச் சிவந்து, ஓலைத் தொப்பியோடு விடுமுறை முடிந்து திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் போயின. தடுப்புக் கம்பியைத் தாண்டும் முன்பே சொந்தக்காரரைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்த கரீபியன் தீவுச் சனங்கள் போனார்கள். இப்போது அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் வேறு எங்கிருந்தோ வந்த ஆட்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னும் காணேல்லையே," என்றாள்.

"பெட்டி வரப் பிந்தியிருக்கும்," என்றார் அவளுடைய கணவர் கணேசலிங்கம். அவர் பஸ் ஓட்டுநர். காலை ஷிப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, கிழக்கு லண்டனின் மனோர் பார்க்கிலிருந்து இருள் விலகும் முன்பே காரை எடுத்திருந்தார். 

கனகவல்லியின் கையில் ஒரு தடித்த கோட் மடித்துக் கிடந்தது. கலியாணம் முடித்து நகரின் தெற்கே சட்டனுக்குப் போய்விட்ட மகள் தக்ஷிகா விட்டுச் சென்றது. சித்திரை பிறந்தும் லண்டனில் குளிர் விடவில்லை. வருகிறவரோ தன் எழுபத்தைந்து வயதில் குளிர் என்ற ஒன்றைக் கண்டதே இல்லை.

அவர் பெயர் யூலின். கரீபியன் கடலில், கிரனடா நாட்டைச் சேர்ந்த கரியாக்கு என்ற சின்னத் தீவில், லசார் குடா என்ற மீனவக் கிராமத்துக்காரர். கனகவல்லிக்கு அவர் இரத்த உறவு இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது முப்பது வருடங்களுக்கு முன்பு, யாரும் திட்டமிடாத ஒரு காலைப்பொழுதில்.

கனடாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் ஒருவன் ஐந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் படகில் கொண்டுவந்து, விடியும் நேரத்தில் அந்தக் குடாவின் மணலில் இறக்கிவிட்டான். "மேல ரோட்டுக்கு வான் வரும். அதுவரைக்கும் மரத்துக்குக் கீழ இருங்கோ," என்று சொல்லிப் போனவன் திரும்பி வரவில்லை. வானும் வரவில்லை. மூன்று பொடியன்கள், இரண்டு பெண்கள். கனகவல்லிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மற்றவள் சிவமலர். எல்லோருக்கும் பசி. மரத்தடியில் சின்னப் பச்சை அப்பிள் போலப் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. சிவமலர் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அப்போது மீன் கூடையோடு ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அடித்து விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் சிவமலரின் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பழத்தை விழுத்தினார். அவளைக் கடலுக்கு இழுத்துக்கொண்டுபோய், உப்புத் தண்ணீரில் இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்த மரத்தின் பழம் கடும் நஞ்சு என்பதும், மழை நேரத்தில் அதன் கீழே நின்றால் சொட்டும் தண்ணீரிலேயே தோல் வெந்துபோகும் என்பதும் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அவர்தான் யூலின். புருஷனைக் கடலில் இழந்தவர். பத்து வயது மகன் கென்றிக்கோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். பொடியன்களைத் தேவாலயத்தின் பின்னறையில் படுக்க வைத்துவிட்டு, பெண்கள் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். குடாவைச் சுற்றி நாற்பது வீடுகள்கூட இராது. ஆனால் அன்றைக்கு மாலைக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வந்துவிட்டது. சோளமாக் களி, பொரித்த மீன், பழைய சட்டைகள், ஒரு மெத்தை. கிராமத்துப் பொலிஸ்காரர் வந்து பெயர்களை விசாரித்துவிட்டு, அவரும் இருந்து சாப்பிட்டுப் போனார். யூலின் வீட்டின் பின்னால் துவரை நின்றது. தன் ஊரில் நின்ற அதே செடி, அதே மஞ்சள் பூ. அதைக் கண்டபோதுதான் கனகவல்லிக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வழி கண்டு போனார்கள். சிவமலர் ரொறன்ரோவில் இருந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தாள். கனகவல்லிதான் கடைசி. லண்டனில் இருந்த அவளுடைய அண்ணை கணேசலிங்கத்தைப் பேசி முடித்து, மணப்பெண் விசா கிடைத்துப் புறப்படும்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவளும் யூலினும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து மட்டை, பிறகு போன், பிறகு கென்றிக்கின் வட்ஸ்அப். "ஒருமுறை வாங்கோ" என்று கனகவல்லி கேட்காத வருடம் இல்லை. "என்னுடைய ஆடுகளை யார் பார்ப்பது?" என்பதுதான் எப்போதும் பதில்.

போன வருடம் யூலையில் பெரும் புயல் ஒன்று கரியாக்குவை அடித்துப்போட்டது. தீவோடு எந்தத் தொடர்பும் இல்லை. கனகவல்லி வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுகளைத் தவறவிட்டு உடைத்தாள். முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிடவும் மனம் நிலைக்காமல் திரும்பினாள். கடைசியில் கென்றிக்கின் குரல் வந்தது. கூரை போய்விட்டது, ஆடுகள் போய்விட்டன, அம்மா இருக்கிறார். அந்தத் தீவு மனிதன் "அம்மா" என்றுதான் சொன்னான். கனகவல்லியும் சிவமலரும் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, அதை ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து, முழுக் குடாவும் யூலினை அப்படித்தான் அழைத்தது.

வீட்டைத் திரும்பக் கட்டும்வரை தாயை லண்டனில் வைத்திருக்க முடியுமா என்று கென்றிக் தயங்கித் தயங்கிக் கேட்டான். கனகவல்லி அவன் கேட்டு முடிப்பதற்கு முன்பே ஓம் என்று சொல்லிவிட்டாள்.

கணேசலிங்கத்துக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "ஆறு மாதமோ?" என்று கேட்டார். "நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் ஹோம் ஒஃபிஸ் ஆரைக் கேக்கும்? எங்களைத்தானே?"

அவர் கெட்டவர் அல்ல. இந்த நாட்டில் நிற்கலாம் என்ற ஹோம் ஒஃபிஸின் பதிலுக்காக அவர் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்தவர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து எவ்வளவோ காலமான பிறகும், வாசலில் அரசாங்கத்தின் பழுப்பு நிறக் கவர் ஒன்று விழுந்தால் அதைத் திறப்பதற்கு முன் ஒரு தேத்தண்ணி குடிப்பார்.

கனகவல்லியின் போன் அடித்தது. இலக்கம் காட்டவில்லை.

"திருமதி கனகவல்லி கணேசலிங்கமா?" ஒரு பெண்ணின் குரல். பெயரைத் துண்டு துண்டாக, ஆனால் கவனமாக உச்சரித்தது. "நான் எல்லை அதிகாரி. உள்ளே கடவுச்சீட்டுப் பகுதியிலிருந்து பேசுகிறேன். யூலின் மக்லோரன் என்ற பயணியை எதிர்பார்த்து வந்திருக்கிறீர்களா?"

"ஓம். யெஸ். யெஸ்."

"அவர் தன் மகளைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்கிறார். மகள் என்று உங்கள் பெயரைத்தான் தந்திருக்கிறார். நீங்கள் அவருடைய மகளா?"

 சுற்றிலும் சனங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். கனகவல்லிக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் இப்படியான குரல்கள் எத்தனை தரம் அவளிடம் இதுபோன்ற கேள்வியைக் கேட்டிருக்கின்றன. தாயின் பெயர் என்ன? அவளும் எத்தனை தரம் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள். கடதாசியில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு சொல் மாறினாலும் ஆபத்து என்று அண்ணை சொல்லிக் கொடுத்தது எலும்புக்குள் இறங்கியிருந்தது.

"இல்லை," என்றாள். "என் அம்மா இறந்துவிட்டார். இலங்கையில்."

"அப்படியானால் இந்தப் பயணி உங்களுக்கு என்ன முறை?"

"முறை இல்லை. தெரிந்தவர்."

"நன்றி," என்றது குரல். தொடர்பு அறுந்தது.

"ஆர்? என்னவாம்?" என்று கணேசலிங்கம் கேட்டார்.

கனகவல்லி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னது என்ன என்பது இப்போதுதான் அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. உள்ளே யூலின் 'மகள்' என்று சொல்லியிருக்கிறார். வெளியே நின்றவள் 'தெரிந்தவர்' என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரியின் கண்ணில் இப்போது யூலின் ஒரு பொய்க்காரி.

"அவ, 'என்ர மகளைப் பாக்க வந்தனான்' எண்டு சொல்லியிருக்கிறா. நான் மகள் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். தெரிஞ்சவ எண்டு சொன்னன்." அவள் கதவைப் பார்த்தாள். "இனி அவையள் அவவைத் திருப்பி அனுப்பப்போகினம்."

கணேசலிங்கம் ஏதாவது ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். 'இதுக்குத்தான் அப்பவே சொன்னனான்' என்று சொல்வதற்கு அவருக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.  ஆனால் அவர் அவளைத் தோளில் பிடித்துப் பக்கத்திலிருந்த கதிரையில் இருத்தினார்.

"திருப்பி அடிச்சுப் பாரும்."

"நம்பர் விழேல்லை."

"அப்ப இதில இரும். நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

அவர் தகவல் மேசையை நோக்கி வேகமாக நடந்தார். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கனகவல்லி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர். பக்கத்துத் தெருக் கடைக்காரரும் தெரிந்தவர்தான். வாசலில் தபால் போடுகிறவனும் தெரிந்தவன்தான்.

பெற்ற அம்மா இறந்த செய்தி அவளுக்கு வந்தது லசார் குடாவில் இருந்தபோதுதான். போரில் ஊரே இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து, மருந்தில்லாமல் போனார். அண்ணை லண்டனிலிருந்து குடாவின் ரம் கடைக்கு அழைத்துச் சொன்னார். அந்தக் குடாவில் இருந்த ஒரேயொரு ரெலிபோன் அது. கனகவல்லி வீட்டுக்கு நடந்துவந்து, யூலினிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "என் அம்மா இல்லை. நான் முழுக வேண்டும்," என்று மட்டும் சொன்னாள். செத்தவீட்டுச் செய்தி கேட்டால் தலைக்கு முழுகுவது அவள் வழக்கம். யூலினுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்ததெல்லாம், இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுதான்.

ஆறு, குளம் எதுவும் இல்லாத தீவு அது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து வருடம் முழுவதும் சீவிக்க வேண்டும். அது கோடைகாலம். வீட்டுத் தொட்டியில் அடி தெரிந்தது. குடிப்பதற்கே அளந்துதான் எடுத்தார்கள். யூலின் அவளை முற்றத்தில் இருத்தி, வாளியை எடுத்து அவள் தலையில் தண்ணீரை ஊற்றினார். இன்னொரு வாளி. இன்னொன்று. தொட்டி வற்றியதும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வாளியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. யூலின் ஊற்றிக்கொண்டே இருந்தார். கனகவல்லி அழுது முடிக்கும்வரை தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பிறகு தன் பாவாடையாலேயே அவள் தலையைத் துவட்டி, துவரம் பருப்புச் சூப்பைக் கரண்டியால் பருக்கினார்.

அப்படிப்பட்டவரை அவள் இப்போது தெரிந்தவர் என்று சொல்லிவிட்டாள்.

கணேசலிங்கம் திரும்பி வந்தார். "அவையளால உள்ள ஒண்டும் கேக்க ஏலாதாம். தேவையெண்டால் அவங்களே திருப்பிக் கூப்பிடுவாங்களாம்."

"கூப்பிடாட்டி?"

"கூப்பிடுவாங்கள்." அவர் பக்கத்தில் அமர்ந்தார். "நானும் முந்தி அந்த விசாரணை அறையில இருந்தனான்தானே. அவங்கள் ஒரு கேள்வியோட விடமாட்டாங்கள்."

அவர் வாங்கி வந்த தேத்தண்ணியை அவள் தொடவில்லை. கென்றிக்குக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். கூரை இல்லாத வீட்டுக்கு, அத்தனை மணிநேரம் பறந்து வந்த களைப்போடு, அடுத்த விமானத்தில் அந்த மனுசியை ஏற்றி அனுப்பினால்? 

போன் மறுபடி அடித்தது. அதே குரல்.

"திருமதி கணேசலிங்கம், உங்கள் கணவர் பக்கத்தில் இருக்கிறாரா? அவரோடு பேச வேண்டும்."

கனகவல்லி போனை நீட்டினாள்.  கணேசலிங்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார், அதிகாரி எதிரில் நிற்பதுபோல. மண்டபத்து இரைச்சலில் கேட்காமல் போகும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, இந்தப் பயணியை நீங்கள் எப்போதாவது சந்தித்திருக்கிறீர்களா?"

"இல்லை. ஒருநாளும் இல்லை."

கனகவல்லி கண்களை மூடிக்கொண்டாள்.

"ஆனால் பேசியிருக்கிறேன்," என்றார் கணேசலிங்கம். "எனக்கு என் மனைவியைத் தந்தவர் அவர்தான்."

"அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்."

கணேசலிங்கத்தின் ஆங்கிலம் பஸ்ஸில் பழகியது. இலக்கணம் பார்க்காது, இடையில் நிற்கவும் நிற்காது. அவர் சொல்லத் தொடங்கினார். கலியாணம் பேசியதும் அவர் பெண்ணோடு ஒருமுறை கதைக்கலாமென்று அந்த ரம் கடைக்குப் போன் எடுத்தார். பெண்ணைக் கூப்பிடப் போனார்கள். ஆனால் ரிசீவரை எடுத்தது யூலின். 'நீ யார், உனக்கு என்ன வேண்டும்' என்று தொடங்கி, குடிப்பாயா, கை நீட்டுவாயா, வேலை இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். "மேடம், உங்கள் நாட்டு இன்டர்வியூவிலும் நான் அவ்வளவு பயப்படவில்லை," என்றார் கணேசலிங்கம். "சமைக்கத் தெரியுமா என்றும் கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அது பொய்."

மறுமுனையில் ஒரு சின்னச் சத்தம். சிரிப்பாக இருக்கலாம்.

"வேறு ஏதாவது சொன்னாரா? ஒரு விளக்கைப் பற்றி ஏதோ சொன்னதாக அவர் சொல்கிறார்."

 கணேசலிங்கம் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஓம். சொன்னார். இந்தப் பிள்ளைக்கு இரவில் கெட்ட கனவு வரும், அலறுவாள் என்றார். தட்டி எழுப்பாதே, பயந்துபோவாள். விளக்கைப் போட்டுவிட்டு, அவள் தானாகக் கண் திறக்கும்வரை பக்கத்தில் பேசாமல் இரு என்றார். அதைச் செய்வாயென்றால் இவளைக் கட்டு, இல்லாவிட்டால் வேறு பெண்ணைப் பார் என்றார். நான் செய்வேன் என்றேன்."

"செய்தீர்களா?"

"செய்தேன்."

கனகவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். லண்டனுக்கு வந்த முதல் வருடங்களில் கனவில் செல்குண்டுச் சத்தம் கேட்டு அவள் அலறி விழிக்காத கிழமை இல்லை. கண் திறக்கும்போதெல்லாம் அறையில் வெளிச்சம் இருக்கும். கட்டில் ஓரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். தானாக வந்த குணம் அது என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அது கடல் கடந்து வந்த ஒரு கட்டளை என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.



"நன்றி ஐயா," என்றது குரல். முன்பு இருந்த இறுக்கம் அதில் இல்லை. "உங்கள் விருந்தாளி நன்றாகக் களைத்திருக்கிறார். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். அங்கேயே நில்லுங்கள்."

கணேசலிங்கம் போனை அவள் கையில் திருப்பித் தந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "விட்டிட்டாங்கள்," என்றார். பிறகு, தானே நம்பாதவர்போல இன்னொரு தரம் சொன்னார், "விட்டிட்டாங்களப்பா."

  கனகவல்லி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவர்போல நீல நிறத் தொப்பியும் வெள்ளைச் சப்பாத்துமாக, மெல்லிய பூச்சட்டையில், ஒரு முதிய பெண் தள்ளுவண்டியை இழுபறிப்பட்டுக்கொண்டு வந்தார். உடம்பு வற்றியிருந்தது. நடை மட்டும் அப்படியே, தலையில் கூடை இருப்பதுபோல நிமிர்ந்திருந்தது.

"அம்மா!" என்று கத்தினாள் கனகவல்லி. பக்கத்தில் நின்ற இரண்டு தமிழ்ப் பொடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். தடுப்புக் கம்பியைச் சுற்றிப் போக அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை. குனிந்து அதன் கீழாலேயே நுழைந்து ஓடினாள்.

யூலின் அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு தள்ளி நிறுத்தி, முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லாகத் தின்றிருக்கிறாய்," என்றார் தன் தீவு ஆங்கிலத்தில். "நல்லது."

கனகவல்லி கோட்டைப் போர்த்திவிட்டாள். யூலினின் பார்வை கணேசலிங்கத்தின் மேல் விழுந்தது.

"நீதானா லிங்கம்? குரலைக் கேட்டு உயரமான ஆள் என்றல்லவா நினைத்திருந்தேன்."

கணேசலிங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினார். யூலின் அந்தக் கூப்பிய கைகளையே பிடித்துக் குலுக்கினார்.

காரில் ஹீட்டரை முழுதாகப் போட்டும் யூலின் கோட்டின் கழுத்துப்பட்டியைப் பிடித்தபடியே இருந்தார். கனகவல்லி அவர் பக்கத்தில் பின்சீற்றில் இருந்தாள். கார் பெருந்தெருவில் ஏறும்வரை பொறுத்திருந்தாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, நான் போனில் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த அதிகாரி கேட்டபோது, நான் மகள் இல்லை என்று..."

"தெரியும். அந்தப் பெண் வந்து சொன்னாள்."

"எனக்குப் பயம் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"எதற்கு?" யூலின் அவளை வியப்போடு பார்த்தார். "நீ இல்லை என்று சொன்னாய் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வாய் பழக்கத்தில் மகள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஐயோ, இந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்ற ஓம் என்று சொல்லி, பொய் சொன்னாள் என்று அவளையும் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்துவிட்டேன். நீ சரியாகத்தான் சொன்னாய். உன்னைப் பெற்றவள் ஒருத்தி இருந்தாள். அவள் இடம் அவளுக்குத்தான். அவளுக்காகத் தண்ணீர் ஊற்றியவள் நான், எனக்குத் தெரியாதா?"

கனகவல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருந்த கல் எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பிறகு என்ன சொன்னீர்கள் அந்த அதிகாரியிடம்?" என்று முன்சீற்றிலிருந்து கணேசலிங்கம் கேட்டார்.

"இவள் சொல்வது சரி, ஆனால் இவள் புருஷன் என்னிடம்தான் பெண் கேட்டான், அவனைக் கேட்டுப் பார் என்றேன். நல்ல பிள்ளைதான் அந்தப் பெண். தேத்தண்ணி தந்தாள். ஆறு மாதம் நிற்கலாம் என்று முத்திரை குத்தித் தந்தாள். அடுத்த முறை வரும்போது மகள் என்று சொல்லாதீர்கள், நண்பர் என்று சொல்லுங்கள் என்றாள். நண்பர் என்றால் ரம் கடையில் இருக்கிறவர்கள், இவள் அப்படியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்."

கணேசலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கனகவல்லி கேட்டு வெகுகாலம்.

யூலின் புயலைப் பற்றிச் சொன்னார். அயலவர் எல்லோரும் ஒரு வீட்டின் சிமெந்துக் குளியலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்களாம். கூரை போன சத்தம் பெரிய துணியைக் கிழிப்பதுபோல இருந்ததாம். காற்று விட்டு வெளியே வந்தால் மலையில் ஒரு பச்சை இலை இல்லை, படகுகள் ரோட்டில் கிடந்தன. "ஆனால் எங்கள் குடாவில் ஒரு உயிர் போகவில்லை," என்றார். "எண்ணிப் பார்த்தோம். எல்லோரும் இருந்தோம். பிறகென்ன, பானையை அடுப்பில் வைத்தோம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தலை கனகவல்லியின் தோளில் சாய்ந்தது. தொப்பி நழுவியது. கனகவல்லி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

மனோர் பார்க் வீட்டுக்கு வந்து சேர மத்தியானமாகிவிட்டது. யூலின் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, வெந்நீர் வருவதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாக மூடினார். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார். குழம்பில் உறைப்புக் காணாது என்றார். பிறகு தக்ஷிகாவின் அறையில் படுத்தவர், போர்வையை இழுத்துவிட்ட கையோடே தூங்கிப்போனார்.

கனகவல்லி கீழே இறங்கி வந்தபோது கணேசலிங்கம் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்தார்.

"விளக்குக் கதையை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"அதில சொல்ல என்ன கிடக்கு?" என்றார் அவர். "அவ சொன்னா. நான் செய்தன்." கொஞ்சம் பொறுத்து, "முதல்ல அவ சொன்னதுக்காகத்தான் செய்தன். பிறகு அப்பிடி இல்லை," என்றார். அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டவராக எழுந்து, பாத்திரத்தைத் திறந்து மிச்சப் புட்டைப் பார்த்தார். "நீர் காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. இரும்."

அவர் இரண்டு தட்டுகளில் புட்டைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஒன்றை அவளுக்கு முன்னால் வைத்தார். தனக்கு எவ்வளவு பசி என்பது முதல் வாய் வைத்தபோதுதான் கனகவல்லிக்குத் தெரிந்தது. மேலே யூலினின் குறட்டைச் சத்தம் தொடங்கியது. சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தமா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறு மாதம்," என்றார் கணேசலிங்கம், புட்டைக் குழைத்தபடி.

"ஓம்," என்றாள் கனகவல்லி. "இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ."